டேங்கில் ஊற்றிய பாட்டில் எதுவரை போகும்?

கோவையில் என் பட்டறைக்கு வருகிறவர்களில் பலர் இப்போது கையோடு ஒரு கிளீனர் பாட்டிலும் கொண்டுவருகிறார்கள். "அண்ணா, இதை டேங்க்ல ஊத்துனா கார்பன் பூராப் போயிருமுங்களா?" போகும், போகாது என்று ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னால் அது பொய்யாகிவிடும். அழுக்கு எந்த இடத்தில் இருக்கிறது, இந்தத் திரவம் அந்த வழியாகப் போகிறதா? இரண்டுக்கும் விடை தெரிந்தவருக்கு லேபிளில் எழுதியிருப்பதைப் படிக்கிற வேலையே இல்லை.

நம் ஊர்ச் சாலைகளில் ஓடும் சின்ன பெட்ரோல் கார்களில் பெரும்பாலானவை எம்.பி.எஃப்.ஐ. ரகம். இன்ஜெக்டர் இன்டேக் வழியில் உட்கார்ந்து, மூன்று நான்கு பார் அழுத்தத்தில் பெட்ரோலை வால்வின் முதுகில் தெளிக்கும். சூடான அந்த முதுகில்தான் பிசுக்கு படிந்து, காய்ந்து, கருப்பாக இறுகும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஐடிலிங்கில் வண்டி உதறுவதற்கு இதுவும் ஒரு காரணம். பெட்ரோல் படுகிற இடத்தில் அழுக்கு இருப்பதால் இங்கே பாட்டிலுக்கு வேலை உண்டு.

இதை விளம்பரத்தை நம்பிச் சொல்லவில்லை. ஒரு பி.எம்.டபிள்யூ. 318ஐ காரை 10,000 மைல் ஓட்டி, வால்வுகளைக் கழற்றி எடை போட்டுப் பார்க்கும் சோதனை ஒன்று அமெரிக்காவில் உண்டு. வால்வுக்குச் சராசரி 100 மில்லிகிராமுக்கு மேல் படிவு இருந்தால் அந்தப் பெட்ரோல் தேறாது. 1995 முதல் அங்கே விற்கும் பெட்ரோலில் டிடர்ஜென்ட் இருந்தாக வேண்டும் என்பது விதி. அந்த அளவு போதாது என்று பி.எம்.டபிள்யூ., ஜெனரல் மோட்டார்ஸ், ஹோண்டா, டொயோட்டா நான்கும் சேர்ந்து 2004-ல் 'டாப் டியர்' என்ற கூடுதல் தரத்தைக் கொண்டுவந்தன. வண்டி செய்கிறவனே கேட்டு வாங்குகிற சரக்கு அது. பாட்டிலில் தேட வேண்டியதும் டிடர்ஜென்டைத்தான். அவற்றில் ஒன்று பாலிஈதர் அமைன், சுருக்கமாக பி.இ.ஏ. என்பார்கள். அது இல்லாமல் வெறும் மண்ணெண்ணெய் வகைக் கரைப்பானை அடைத்து விற்கிற பாட்டில்களும் கடையில் உண்டு.

இன்ஜெக்டரைக் கழற்றிவிட்டு அந்தத் துளை வழியாக போர்ஸ்கோப் கேமராவை விட்டுப் பார்ப்பது என் வழக்கம். நல்ல பி.இ.ஏ. பாட்டில் ஊற்றி ஒரு டேங்க் பெட்ரோல் ஓடித் தீர்ந்த வண்டியில் பார்க்க வேண்டிய காட்சி அது. ஸ்ப்ரே விழுகிற பக்கம் கருப்பு உரிந்து உலோகம் வெளிறித் தெரியும். ஸ்ப்ரே படாத மறுபக்கம் அப்படியே கருத்துக் கிடக்கும். ஒரே வால்வு, பாதி சுத்தம், பாதி அழுக்கு.

டர்போ ஜி.டி.ஐ., டி.எஸ்.ஐ. என்று பெயர் போட்ட வண்டிகளில் கதையே வேறு. இவற்றில் பெட்ரோல் 200 பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் நேரே சிலிண்டருக்குள் பாய்கிறது. இன்டேக் வால்வின் முதுகு பெட்ரோலைப் பார்ப்பதே இல்லை. கிராங்க்கேஸிலிருந்து வரும் ஆயில் ஆவிதான் அதில் போய் ஒட்டுகிறது. டேங்கில் என்ன ஊற்றினாலும் அங்கே போய்ச் சேராது. இன்ஜெக்டர் முனைக்கும் பிஸ்டன் தலைக்கும் வேண்டுமானால் பயன்படும். டொயோட்டா 2005-லேயே ஒரே எஞ்சினில் இரண்டு வகை இன்ஜெக்டரும் வைத்தது. வால்வும் கழுவப்படும் என்பது அதில் கிடைத்த லாபங்களில் ஒன்று. சிலிண்டருக்குள் மட்டும் இன்ஜெக்டர் உள்ள வண்டிக்கு மேனிஃபோல்டைக் கழற்றி, அரைத்த வால்நட் ஓட்டைக் காற்றழுத்தத்தில் அடித்துத்தான் படிவை எடுக்க வேண்டும். செலவு அதிகம், ஆனால் அழுக்கு போகும்.

டீசலுக்கும் இதே கணக்குதான். புகையில் ஒரு பங்கை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் ஈ.ஜி.ஆர். வழியாக வரும் புகைக்கரி ஆயில் ஆவியோடு கலந்து மேனிஃபோல்டை அடைத்துக்கொள்ளும். டேங்கில் ஊற்றியது இன்ஜெக்டரோடு நின்றுவிடும்.

எனக்குப் பயம் தருவது ஆயிலில் கலக்கும் எஞ்சின் ஃப்ளஷ். பழைய ஆயிலில் ஊற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு வடித்துவிடச் சொல்வார்கள். நேரத்துக்கு ஆயில் மாற்றிய வண்டிக்கு அது தேவையே இல்லை. மாற்றாமல் விட்ட வண்டிக்கு ஆபத்து. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அடிப்பக்கத்தை விரலால் வழித்துப் பாருங்கள். கருப்பு அல்வா மாதிரி திரண்டு வந்தால் உள்ளே எங்கும் ஸ்லட்ஜ் என்று அர்த்தம். ஃப்ளஷ் அதை முழுக்கக் கரைக்காது. கட்டி கட்டியாகப் பெயர்த்துவிடும். பெயர்ந்தது எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் இறங்கி ஸ்ட்ரெய்னர் வலையில் போய் அடைக்கும். வேறெங்கோ ஃப்ளஷ் போட்டு, ஆயில் பிரஷர் விளக்கு எரிய எரிய இங்கே வந்த வண்டியின் சம்ப்பை இறக்கியிருக்கிறேன். வலையில் ஊசி நுழையக்கூட இடமில்லை. அப்படிப்பட்ட எஞ்சினுக்கு என் வைத்தியம் மெதுவானது. நல்ல ஆயில் ஊற்றி, வழக்கமாக மாற்றும் கிலோமீட்டரில் பாதியிலேயே ஃபில்டரோடு மாற்றி, அதையே திரும்பச் செய்வது. எஞ்சின் ஆயிலிலேயே டிடர்ஜென்டும், அழுக்கைச் சேரவிடாமல் மிதக்கவைக்கும் பொருளும் இருக்கின்றன. டீசல் வண்டியில் மாற்றிய சில நாளிலேயே ஆயில் கருக்கிறதே என்று சண்டைக்கு வருகிறார்கள். கருத்தால்தான் அது வேலை செய்கிறது என்று அர்த்தம்.

இன்னொரு குழப்பம், ஆக்டேன். 95, 97 என்று எண் போட்ட பெட்ரோல் விலை கூடியது என்பதால் எஞ்சினைக் கழுவும் என்று நினைக்கிறார்கள். ஆக்டேன் நாக்கிங்கைத் தடுப்பதற்கு. கழுவுவது அதில் சேர்த்த டிடர்ஜென்ட்.

மைலேஜ் குறைந்தது, பிக்கப் இல்லை என்று பாட்டில் வாங்கியவர்களின் வண்டியில் பெரும்பாலும் நான் பார்ப்பது அடைத்த ஏர் ஃபில்டர், தேய்ந்த ஸ்பார்க் பிளக், காற்று குறைந்த டயர், பிடித்துக்கொண்ட பிரேக். இதற்கெல்லாம் டேங்கில் மருந்து கிடையாது.

எம்.பி.எஃப்.ஐ. வண்டி, ஓட்டம் கூடியது, ஐடிலிங் உதறுகிறது என்றால் பி.இ.ஏ. உள்ள பாட்டில் ஒன்றைத் தாராளமாக ஊற்றுங்கள், ஆயில் மாற்றும் தேதிக்குச் சற்று முன்பாக. வண்டியோடு வந்த கையேடு வேண்டாம் என்று சொன்னால் ஊற்றாதீர்கள். சர்வீஸில் 'கார்பன் கிளீனிங்' என்று பில்லில் ஒரு வரி சேர்க்க வந்தால், செய்யும் முன்பும் பின்பும் கேமராவில் வால்வைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் அந்தப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.