அலுமாரியில் ஒரு மரக்கலம்

மாவடிப்பள்ளிச் சகோதரிகளே! வளைகுடாவிலிருந்து வரும் உறவினர் தரும் சிறு மரக்கப்பலை வெறும் அலங்காரமென்று நினைத்துவிடாதீர்கள்.

கோழிக்கோட்டுக்குத் தெற்கே, சாலியாறு கடலோடு கலக்குமிடம் பேப்பூர். 'உரு' எனும் பெரிய மரக்கப்பல்களைக் காகித வரைபடமின்றி, தலைமைத் தச்சரின் மனக்கணக்கிலேயே கட்டிய ஊர். அதே வடிவத்தைக் கைவினைஞர் சிறு மாதிரிகளாகவும் செதுக்குகின்றனர்.

வடக்கே இரிங்ஙலில் குஞ்ஞாலி மரைக்காயரின் நினைவில்லம் இருக்கிறது. அந்த வீரர்களின் வேகமான சிறு போர்ப்படகுகள் போர்த்துக்கேயரின் பெருங்கப்பல்களைத் திணறடித்தன. நம் நாட்டுச் சீதாவாக்கை மன்னன் மாயாதுன்னைக்கும் கோழிக்கோட்டுப் படை துணைக்கு வந்தது. நான்காம் குஞ்ஞாலி 1600இல் கோவாவில் கொல்லப்பட்டார்.

அலுமாரிக் கப்பலைப் பிள்ளை தொட்டுக் கேட்டால், "உடைத்துவிடாதே" என்று மட்டும் சொல்லாதீர்கள். இந்த வரலாற்றையும் சொல்லிக் கொடுங்கள்.