முட்டுக்கட்டை போட்ட பிள்ளை

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகக் கடைசி வரை படியுங்கள். பாதி படித்துவிட்டு "அருமை டீச்சர்" என்று போடுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும்!

ராஜபாளையத்தில் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பிள்ளையைப் பற்றி இரண்டு மாதமாக ஊரில் ஒரே பேச்சு. பெயர் வேண்டாம். கூடப் படித்தவர்களுக்கு யாரென்று புரியும். மில் ஃபிட்டர் மகன். கஷ்டப்பட்டுப் படித்து விமானப் பராமரிப்பு இன்ஜினியர் ஆனவன். "கை நிறையச் சம்பளம் வாங்கிக்கிட்டு இருந்தான், முதலாளிகிட்ட முறைச்சுக்கிட்டு வேலையை விட்டுட்டு வந்து உக்காந்திருக்கான்" என்கிறார்கள். பேசி முடிக்க இருந்த சம்பந்தமும் அப்படியே நிற்கிறது. பெண் வீட்டார் நம் ஸ்ரீவில்லிபுத்தூர்தான், எனக்குத் தூரத்து உறவு. அவர்களும் இதைப் படிப்பார்கள். அதனால் நடந்ததை அவன் சம்மதத்தோடு எழுதுகிறேன்.

அவன் பார்த்த வேலை பெரிய பயணிகள் விமானத்தில் அல்ல. தனியார் ஒருவர் சொந்தமாக வைத்திருந்த, ஆறு பேர் போகிற சின்ன விமானம். இறக்கைக்கு ஒன்றாக இரண்டு பிஸ்டன் என்ஜின். நம் கார், மோட்டார் சைக்கிள் என்ஜின் மாதிரிதான், ஆனால் காற்றால் குளிர்வது, முன்னால் விசிறி சுழல்வது.

இந்த மாதிரி விமானம் நம் தமிழ்நாட்டிலேயே தயாரானது என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஓசூர் பக்கத்தில் பெலகொண்டப்பள்ளியில் தனேஜா ஏரோஸ்பேஸ் என்ற கம்பெனி, 1990களில் இத்தாலியின் பார்ட்டெனாவியா நிறுவனத்திடம் உரிமம் வாங்கி பி-68சி என்ற விமானத்தைச் செய்தது. அதை வடிவமைத்தவர் நேப்பிள்ஸ் நகரத்து லூயிஜி பாஸ்காலே. முதல் விமானம் இத்தாலியில் பறந்தது 1970இல். 200 குதிரைத்திறன் என்ஜின் இரண்டு, சுமார் 12 மீட்டர் இறக்கை. இவன் வேலை பார்த்தது வேறு மாநிலத்தில், வேறு ரக விமானத்தில். ஆனாலும் குடும்பம் ஒன்றுதான் என்று சொன்னான்.

"பணக்காரங்களுக்கு என்ன, வாங்கி நிறுத்திக்கிறாங்க" என்றேன். சிரித்தான். "வாங்குறது ஒரு நாள் செலவு டீச்சர். வச்சிருக்கிறதுதான் தினச் செலவு" என்றான். என் பழைய நோட்டில் கணக்குப் போட்டுக் காட்டினான்.

பெட்ரோல் பங்க் பெட்ரோலில் இது ஓடாது. ஏவ்கேஸ் என்று தனி எரிபொருள், நீல நிறமாக இருக்குமாம். 2022 வரை நம் நாட்டுக்கு அது முழுக்க வெளிநாட்டிலிருந்துதான் வந்தது. அந்த வருடம்தான் இந்தியன் ஆயில் வதோதராவில் தயாரித்துக் கொடுக்க ஆரம்பித்தது. பி-68 மாதிரி விமானத்தில் இரண்டு என்ஜினும் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 70 லிட்டர் குடிக்கும்.

50 மணி நேரம் பறந்தால் என்ஜின் ஆயில் மாற்ற வேண்டும். 100 மணி நேரத்துக்கு ஒருமுறை முழுச் சோதனை. சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக், என்ஜினுக்கு நான்கு சிலிண்டர், ஆக 16 பிளக்கைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்ட வேண்டும். பொறி கொடுக்கிற மேக்னெட்டோ நான்கு. விசிறிக்குத் தனிக் கெடு. 2000 மணி நேரம் ஓடினால் என்ஜினை முழுவதும் பிரித்துச் செப்பனிட வேண்டும். "ரெண்டாயிரம் மணி நேரம் வராட்டாலும் பன்னெண்டு வருஷம் ஆனா பிரிச்சுப் பார்க்கச் சொல்லுவாங்க டீச்சர்" என்றான். இதற்கெல்லாம் மேலே, வருடா வருடம் டி.ஜி.சி.ஏ. விதிப்படி பறக்கத் தகுதி உண்டா என்று பரிசீலித்துச் சான்று வாங்க வேண்டும். எல்லாம் இரண்டு என்ஜினுக்கும், அதாவது இரட்டைச் செலவு.

இங்கேதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. உங்களுக்கும் வந்திருக்கும். "இரட்டைச் செலவு என்றால் இரட்டைப் பாதுகாப்புதானே? ஒன்று நின்றால் இன்னொன்று இருக்கிறதே?"

அவன் ஒரு குடும்பக் கணக்கு சொன்னான். புருஷனுக்கு 20,000, பெண்டாட்டிக்கு 20,000 சம்பளம். வீட்டுச் செலவு 18,000. மிச்சம் 22,000. ஒருவருக்கு வேலை போய்விட்டது. வருமானம் பாதி ஆகிவிட்டது. மிச்சமும் பாதி ஆகுமா? ஆகாது. 2,000தான் மிஞ்சும். விமானமும் அப்படித்தான். சமமாகப் பறக்கவே ஒரு பங்கு சக்தி செலவாகிவிடும். மிச்ச சக்தியில்தான் மேலே ஏற முடியும். ஒரு என்ஜின் நின்றால் சக்தி பாதிதான் போகும், ஆனால் மேலே ஏறுகிற திறன் சின்ன ரக விமானங்களில் 80 முதல் 90 சதவீதம் போய்விடும். சுமையும் வெயிலும் அதிகமாக இருந்தால் மிச்சமே இல்லாமலும் போகலாம்.

இன்னொன்று. இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு படுத்துக்கொண்டு இன்னொரு மாடு இழுத்தால் வண்டி நேராகவா போகும்? படுத்த மாட்டுப் பக்கம் திரும்பும். விமானமும் நின்றுபோன என்ஜின் பக்கம் திரும்பும். பைலட் சுக்கானை எதிர்ப்பக்கம் மிதித்துப் பிடிக்க வேண்டும். வேகம் ஓர் அளவுக்குக் கீழே போய்விட்டால் சுக்கானும் பிடி கொடுக்காது, விமானம் புரண்டுவிடும். கிளம்பிய கொஞ்ச நேரத்தில், தரைக்குப் பக்கத்திலேயே இது நடந்தால் யோசிக்க நேரமும் இருக்காது. ஆக, இரண்டு என்ஜின் பாதுகாப்புதான். ஆனால் இரண்டும் நன்றாக இருக்க வேண்டும், பைலட்டும் தேர்ந்தவராக இருக்க வேண்டும்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன்.

அந்த விமானம் அதிகம் பறக்காது. மாதக்கணக்கில் கடலோர ஈரக்காற்றில் நிற்கும். "ஓடுற என்ஜின் கெடாது டீச்சர், நிக்கிற என்ஜின்தான் கெடும்" என்றான். நம் வீட்டுத் தையல் மெஷினும் அப்படித்தானே? நின்றுகொண்டே இருந்தால் உள்ளே ஆயில் வடிந்து இறங்கிவிடும், இரும்பில் துரு ஏறும். துருப்பிடித்த கேம் ஷாஃப்ட் ஓடும்போது செதில் செதிலாக உதிரும்.

ஆயில் மாற்றும்போது பழைய ஃபில்டரைத் தூக்கி எறிய மாட்டார்கள். அறுத்து, உள்ளே இருக்கிற மடிப்புத் தாளை விரித்து வெளிச்சத்தில் பார்ப்பார்கள். டாக்டர் ரத்தப் பரிசோதனை பார்க்கிற மாதிரி. வலது என்ஜின் ஃபில்டரில் மினுமினுப்பு தெரிந்தது. காந்தத்தைக் காட்டினான், ஒட்டியது. இரும்புச் செதில். இந்த அளவுக்கு மேல் இருந்தால் பறக்காதே என்று கையேட்டில் இருக்கிறது. அதைவிட அதிகமாகவே இருந்தது.

மறுநாள் முதலாளி வீட்டுக் கல்யாணம், வெளியூரில். குடும்பத்தோடு போக எல்லாம் தயார். இவன் விஷயத்தைச் சொன்னான். "இன்னொரு என்ஜின் நல்லாத்தானே இருக்கு? இந்த ஒரு தடவை போயிட்டு வந்திடுறோம். வந்ததும் பிரிச்சுக்க" என்றார்களாம். பராமரிப்பு முடிந்த விமானம் பறக்கலாம் என்று லைசென்ஸ் உள்ள இன்ஜினியர் கையெழுத்துப் போட வேண்டும். இவன் போடவில்லை. கத்தவில்லை, எதிர்த்துப் பேசவுமில்லை. "மன்னிக்கணும் சார், போட முடியாது" என்று மட்டும் சொல்லியிருக்கிறான். அவர்கள் காரில் போனார்கள். மாதக் கடைசியில் இவன் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. இதுதான் உறவினர்கள் சொல்கிற "முறைத்துக்கொண்டு வந்தது."

"பயமா இல்லையாப்பா?" என்று கேட்டேன்.

"பயம்தான் டீச்சர். வேலை போயிடும்னு பயம். ஆனா கையெழுத்தைப் போட்டிருந்தா, அவங்க இறங்கிட்டோம்னு போன் வர்ற வரைக்கும் எனக்குச் சோறு இறங்கியிருக்காது. சின்னப் பிள்ளைங்க ரெண்டு பேர் வேற."

அந்த என்ஜினை அப்புறம் பிரித்தார்களா, உள்ளே என்ன இருந்தது என்று அவனுக்குத் தகவல் இல்லை. சிலர் அதையும் கேட்கிறார்கள். "ஒருவேளை ஒண்ணுமே இல்லாம இருந்திருந்தா? வேலை போனதுதானே மிச்சம்?" நான் கேட்கிறேன்: ஏதாவது விபரீதம் நடந்தால்தான் இவன் செய்தது சரி என்று ஆகுமா? கண்ணால் பார்த்த செதிலை வைத்துத்தான் அன்றைக்கு முடிவு செய்ய முடியும். அதைச் சரியாகச் செய்தான்.

"முதலாளி வீட்டு விசேஷத்துக்கே முட்டுக்கட்டை போட்டுட்டான்" என்று ஒரு பெரியவர் என்னிடமே சொன்னார். நம் ஊர்க்காரர் வாயில் இந்த வார்த்தை வரலாமா? ஆடிப்பூரத்துக்கு ஆண்டாள் தேர் ஓடுகிற ஊர் நம்முடையது. வடம் பிடிப்பவர் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். ஆனால் தேர்ச் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே கட்டையைத் தூக்கிக்கொண்டு நடப்பவர்கள் சில பேர்தான். அவர்களை யாரும் போட்டோ எடுப்பதில்லை. திருப்பத்தில் அவர்கள் கட்டை போடாவிட்டால் தேர் யார் வீட்டுத் திண்ணையில் ஏறும் என்று நினைத்துப் பாருங்கள். தேரை ஓடவிடாமல் செய்யவா கட்டை போடுகிறார்கள்? பத்திரமாக நிலைக்கு வந்து சேரத்தானே!

பெண் வீட்டாருக்கு ஒரு வார்த்தை. பெண்ணைப் பெற்றவர்கள் விசாரிக்கத்தான் வேண்டும், அதில் தப்பே இல்லை. ஆனால் விசாரிக்கும்போது, ஏன் போனது என்றும் சேர்த்துக் கேளுங்கள். வேலைதான் போயிருக்கிறது, லைசென்ஸ் அவன் கையில்தான் இருக்கிறது. பைலட் பயிற்சிப் பள்ளிகளில் இந்த ரக விமானங்கள் ஓடுகின்றன. இரண்டு இடத்துக்கு விண்ணப்பித்திருக்கிறான். ஒரு வீட்டின் பொறுப்பை ஒப்படைக்க இவனைவிட நம்பகமான பிள்ளை வேண்டுமென்றால், எனக்குத் தெரிந்து இல்லை.

என் மாணவர்களில் விமானத் துறையில் மூன்று நான்கு பேர் இருக்கிறீர்கள். உங்கள் பக்கம் இடம் இருந்தால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள், அவனிடம் சேர்த்துவிடுகிறேன். சிபாரிசு வேண்டாம், தகவல் போதும். தேர்வை அவன் பார்த்துக்கொள்வான்.

எல்லோரும் நல்லா இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்