அந்த ஒரு குட்டி மட்டும் எழுந்திருக்கவில்லை

வாசல்படியில் எவர்சில்வர் தட்டு கைதவறி விழுந்தது. திண்ணையில் சாக்கின் மேல் சுருண்டு கிடந்த ஏழு குட்டிகளில் ஆறு அலறியடித்து எழுந்தன. ஏழாவது மட்டும் அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தது.

அப்போது குட்டிகளுக்கு ஐந்து வாரம். "அசந்து தூங்குது பாரு, சமத்துக்குட்டி" என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் குற்ற உணர்ச்சியாக இருக்கிறது.

எங்கள் வீடு எமரால்டைத் தாண்டி, அவலாஞ்சிக்குப் போகும் வழியில் இருக்கிறது. 2019 ஆகஸ்ட்டில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது என்று செய்திகளில் பார்த்திருப்பீர்களே, அதே அவலாஞ்சிதான். மாமனார் குந்தா நீர்மின் திட்டத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். சொந்த ஊர் ராஜபாளையம். மலைக்கு வந்து நாற்பது வருஷம் ஆகியும் ஊர்ப்பெருமை குறையவில்லை. "எங்க ஊரு நாய்க்கு தபால்தலையே போட்டிருக்கான்" என்பார். உண்மைதான். 2005-ல் அஞ்சல் துறை நான்கு நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டது, அதில் ராஜபாளையமும் ஒன்று.

ராணியை ஊரிலிருந்து குட்டியாகக் கொண்டுவந்தவரும் அவர்தான். பால் வெள்ளை உடம்பு, ரோஸ் நிற மூக்கு. 2020 ஆகஸ்ட்டில் பிரதமர் வானொலியில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று நம்மூர் நாய்களைச் சொல்லிப் பேசிய பிறகு, "குட்டி போட்டா எனக்கு ஒண்ணு" என்று கேட்பவர்கள் அதிகமானார்கள். மாமாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

குன்னூரில் தெரிந்தவர் வீட்டில் ஒரு ஆண் நாய் இருந்தது. கண்காட்சியில் கோப்பை வாங்கியது. பணம் வேண்டாம், பிறப்பதில் ஒரு குட்டி போதும் என்றார்கள். நாங்கள் பார்த்தது மூன்றே விஷயம்: நிறம் சுத்த வெள்ளையா, மூக்கு ரோஸா, கோப்பை வாங்கியதா. அதற்குக் காது சரியாகக் கேட்கிறதா என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. ராணிக்கும் அதற்கும் தகப்பன் ஒன்று என்பது குட்டிகள் பிறந்த பிறகுதான் பேச்சுவாக்கில் தெரிந்தது.

தட்டு விழுந்த பிறகும் பத்து நாள் எங்களுக்குச் சந்தேகம் வரவில்லை. கூட்டமாக இருக்கும்போது அந்தக் குட்டி மற்றவை ஓடினால் தானும் ஓடும், அவை நின்றால் தானும் நிற்கும். தனியாக விட்டுப் பின்னால் நின்று கை தட்டியபோதுதான் விஷயம் புரிந்தது. ஊட்டிக்குத் தூக்கிக்கொண்டு போனோம்.

கால்நடை மருத்துவர் பொறுமையாக விளக்கினார். தோலுக்கும் முடிக்கும் நிறம் தருகிற செல்கள் உள்காதுக்கும் வேண்டும். சில வெள்ளை நாய்களில் அந்த செல்கள் காதுக்குள் போய்ச் சேர்வதில்லை. அப்படியானால் பிறந்த சில வாரங்களிலேயே உள்காதின் நுண்ணிய பகுதி சிதைந்துபோகும். மருந்தோ அறுவை சிகிச்சையோ அதைத் திரும்பக் கொண்டுவராது. வெள்ளை நாய் எல்லாமே செவிடு என்று அர்த்தமில்லை. ஆனால் இது தலைமுறை தலைமுறையாக வரக்கூடியது. புள்ளிகள் கொண்ட டால்மேஷியன் நாய்களுக்கும் இதே பிரச்னைதான். அமெரிக்காவில் சோதித்ததில் சுமார் 30 சதவீதத்துக்கு ஒரு காதோ இரண்டு காதுமோ கேட்கவில்லையாம்.

"ஒரு காது மட்டும் கேட்காத நாயை வீட்டில் யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க. கூப்பிட்டா வரும். ஆனா சத்தம் எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுன்னு அதுக்குக் குழப்பமா இருக்கும்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ராணி எப்போதுமே அப்படித்தான். கொல்லையிலிருந்து கூப்பிட்டால் வாசலைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பி வருவாள். "மகாராணிக்குக் குறும்பு" என்று மூன்று வருஷமாகச் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

திரும்பி வரும்போது ஜீப்பில் யாரும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் மாமாதான் ஆரம்பித்தார். "ஏம்மா, இதைப் போய் வெளிய சொல்லணுமா? ஏழுல ஒண்ணுதானே. மத்ததெல்லாம் நல்லாத்தான இருக்கு? அந்தக் காலத்துல இப்படிக் குட்டிய வச்சுக்கவே மாட்டாக."

"அப்படி ஒதுக்கி ஒதுக்கித்தான் மாமா இந்தக் குறை யாருக்கும் தெரியாமலே போச்சு" என்றேன். ஊரில் வேறு நிறத்தில் குட்டி பிறந்தாலும் இதே கதைதான், வெள்ளை இல்லை என்று ஒதுக்கிவிடுவார்கள். மருத்துவர் சொன்னதை வைத்துப் பார்த்தால், நிறம் தருகிற ரத்தத்தையே கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளியிருக்கிறோம். மாமா பதில் சொல்லவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து, இருட்டுகிற நேரம். மூடுபனி இறங்கியிருந்தது. பக்கத்து வீட்டு நாய்கள் எல்லாம் ஒரேயடியாகக் குரைத்தன. ராணியும் மற்ற குட்டிகளும் பாய்ந்து உள்ளே வந்துவிட்டன. செவிட்டுக் குட்டி மட்டும் முற்றத்து ஓரத்தில் செருப்பைக் கடித்துக்கொண்டு நின்றது, காட்டுக்கு முதுகைக் காட்டியபடி. மாமாதான் ஓடிப்போய்த் தூக்கிவந்தார். காலையில் பார்த்தால், முற்றத்துக்குக் கீழே ஈர மண்ணில் சிறுத்தையின் கால்தடம்.

அதை வெகுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே வந்து, "முன்பணம் குடுத்தவங்க நம்பரை எல்லாம் எடும்மா" என்றார்.

அவரே பேசினார். "குட்டி நல்லாத்தான் இருக்கு. ஆனா கூடப் பிறந்தது ஒண்ணுக்குக் காது கேக்கலை. தாய்க்கும் ஒரு காது சந்தேகம். உங்க குட்டியைத் தனியா வச்சுப் பார்த்துட்டு எடுத்துக்கோங்க. வீட்டுக்கு வளங்க. ஆனா இதை வச்சுக் குட்டி எடுக்காதீங்க." ஐந்து பேரில் இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள். முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். வீட்டுச் செலவில் அந்த மாதம் துண்டு விழுந்தது என்னவோ நிஜம். குன்னூருக்கும் போன் போட்டுச் சொன்னார். முதலில் கோபப்பட்டார்கள். ஒரு வாரம் கழித்து, "எங்க நாயையும் காட்டிட்டு வர்றோம்" என்றார்கள்.

ராணிக்கு நல்ல கேள்வி இருந்தது, இன்னொரு தடவை குட்டி எடுத்திருக்கலாம். ஆனால் கருத்தடை அறுவை சிகிச்சைக்கு அவளை அழைத்துப் போனவர் மாமாதான்.

இதற்குப் பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். நாய் வளர்த்து விற்பவர்களுக்கு 2017-லேயே மத்திய அரசு விதிகள் கொண்டுவந்திருக்கிறது. பதிவு செய்ய வேண்டும். 18 மாதம் ஆகாத பெட்டையை இணை சேர்க்கக் கூடாது. வருஷத்துக்கு ஒரு ஈற்றுக்கு மேல் கூடாது, வாழ்நாளில் ஐந்துக்கு மேல் கூடாது. 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. "நாங்க என்ன கடையா வச்சிருக்கோம்?" என்று நினைத்த எங்களுக்கு இதில் ஒன்றுமே தெரியாது.

ஆனால் விதி மட்டும் போதாது. நிறமும் கோப்பையும் கண்ணுக்குத் தெரியும். இடுப்பு மூட்டும் காதும் மூச்சும் தெரியாது. ஜெர்மன் ஷெப்பர்டு, லாப்ரடார் என்றால் இடுப்பு மூட்டை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். பக் போன்ற சப்பை மூக்கு நாய் என்றால், நாலு நடை நடந்ததும் மூச்சு வாங்குகிறதா என்று கவனிக்க வேண்டும். வெள்ளை நாய் என்றால் காது. தலையில் சிறு மின்முனைகளைப் பொருத்தி, ஒவ்வொரு காதிலும் தனித்தனியாக ஒலி கொடுத்துப் பார்க்கும் பரிசோதனைதான் உறுதியாகச் சொல்லும். எல்லா ஊரிலும் அந்த வசதி இருக்காது. அதனால்தான் தாய், தகப்பன், கூடப்பிறந்தவை பற்றிய விவரம் அவ்வளவு முக்கியம்.

குட்டி வாங்கப் போகிறவர்கள் தாயை நேரில் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். தாயும் தகப்பனும் சொந்தமா என்று கேளுங்கள். நெருங்கிய உறவென்றால், ஒரே குறை இரண்டு பக்கமிருந்தும் வந்து சேர வாய்ப்பு அதிகம். போன ஈற்றில் ஏதாவது குட்டிக்குக் குறை இருந்ததா என்றும் கேளுங்கள். தயங்காமல் பதில் சொல்கிறவரிடம் வாங்குங்கள்.

செவிட்டுக் குட்டி எங்களோடுதான் இருக்கிறாள். பெயர் பனி. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வெளியே விடுவதில்லை. டார்ச்சை இரண்டு தடவை அடித்தால் வருவாள், உள்ளங்கையைக் காட்டினால் உட்காருவாள்.

பவர்ஹவுஸில் மணிக்கொரு தரம் லாக் புக் எழுதிய பழக்கம் மாமாவை விடவில்லை. இப்போது ஒரு நோட்டில் ஏழு குட்டிகளின் கணக்கு இருக்கிறது. எது எந்த வீட்டில், எந்தக் காது எப்படி, என்ன நோய் வந்தது என்று ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போன் போட்டுக் கேட்டு எழுதுகிறார். போன வாரம் ஊரிலிருந்து ஒரு சொந்தக்காரர், "அண்ணாச்சி, நல்ல வெள்ளை ஜோடி ஒண்ணு இருக்கு, சேத்துவிடலாமா?" என்று கேட்டார்.

"வெள்ளையெல்லாம் இருக்கட்டும்" என்றார் மாமா, மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டே. "ரெண்டுக்கும் தகப்பன் யாரு, சொல்லு. எழுதிக்கிறேன்."