பின்னால் வரும் பெயர்

பியானோ வாசிக்கும் நண்பர் ஒருவர் வீட்டில், க்ளோத் டெபுஸி 1910-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ப்ரெலூட்’ என்னும் 12 சிறு உருப்படிகள் அடங்கிய ஸ்வரப் புத்தகத்தைப் புரட்டியபோது, ஒவ்வொன்றின் தலைப்பிலும் ரோமன் எண் மட்டுமே இருக்க, பெயரோ கடைசிப் பக்கத்தின் அடியில், மூன்று புள்ளிகளுக்குப் பின்னே, அடைப்புக்குறிக்குள், கச்சேரியில் கடைசி வரிசையில் உட்கார்ந்த சங்கோஜியைப் போல ஒடுங்கியிருக்கக் கண்டு, அச்சுப் பிழையோ என்றுதான் முதலில் நினைத்தேன்.

“கேளுங்கள், பெயர் எங்கே ஓடிவிடப்போகிறது?” என்று சொல்லி நண்பர் இரண்டாவதை வாசித்தார். ஒன்றுக்கொன்று சமதூரத்தில் நிற்கும் ஆறே ஸ்வரங்கள். இன்னதுதான் ஆதாரம் என்று செவி ஊன்றிக்கொள்ள அவற்றில் ஒன்றும் இடங்கொடுப்பதில்லை. அடியில் ஒரு மந்த்ர ஸ்வரம் மட்டும் விடாமல் ஒலித்துக்கொண்டிருக்கிறது. நடுவில் சில கணங்கள் விரல்கள் கறுப்புக் கட்டைகளுக்குத் தாவ, எங்கிருந்தோ காற்றுக் கிளம்பி உடனே அடங்குகிறது. சாம்பிராணிப் புகை என்று தீர்மானித்துவிட்டேன். கடைசிப் பக்கத்து ஒற்றைப் பிரெஞ்சுச் சொல்லுக்கோ முகத்திரைகள் என்றும் பொருளாம், கப்பற்பாய்கள் என்றும் பொருளாம். ஒருமையில் பால் வேறுபாடு காட்டிக்கொடுக்கும், டெபுஸி எழுதியிருப்பதோ வெறும் பன்மை. பெயரைப் பின்னால் தள்ளியதோடு திருப்தியடையாத குறும்பு!

பத்தாவதான ‘மூழ்கிய தேவாலயம்’ எனக்குப் பழக்கமானது. பிரித்தானிக் கடலில் அமிழ்ந்துபோன ஈஸ் நகரத்துத் தேவாலயம் தெளிந்த விடியற்காலையில் மணியோசையோடு மேலெழுந்து மறுபடி மறையும் என்ற ஐதிகத்தை இசைத்தட்டின் உறையிலேயே படித்துவிட்டபடியால், மணிகளையும் அலைகளையும் சிரமமின்றிக் கேட்டு, என் ரஸிகத்தன்மையை நானே மெச்சிக்கொண்டும் இருந்தேன். அதில் செவியின் பங்கு எவ்வளவு, உறையின் பங்கு எவ்வளவு என்ற சந்தேகம் அன்றுதான் பிறந்தது. மாரிஸ் ராவெல் 1899-இல் இயற்றிய ‘இறந்த இளவரசிக்கு ஒரு பவான்’ இன்னும் வேடிக்கை: பழைய அரசவை நடனமொன்றின் சாயலில் அமைந்த அந்த உருப்படிக்கு, சொற்களின் ஓசை பிடித்ததால்தான் அப்பெயர் வைத்ததாக அவரே சொல்லியும், இல்லாத இளவரசிக்காகக் கண்ணீர் விடுகிறவர்கள் விட்டுக்கொண்டேயிருக்கிறார்கள்.

நண்பர் ஆறாவதை ஆரம்பித்தபோது நான் பக்கத்தின் அடியை உள்ளங்கையால் மூடிக்கொண்டேன். இரண்டிரண்டு ஸ்வரங்களாகத் தயங்கித் தயங்கி, யாரோ ஒருவர் தனியாக, போக மனமில்லாமல் போய்க்கொண்டிருந்தார். முடிந்ததும் கையை எடுத்துப் பார்த்தேன். ‘பனியில் காலடிகள்.’ நடை எனக்குக் கேட்டிருந்தது, பனிதான் தெரியவில்லை.