ஆஸ்க் வந்த வழி

புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்து வளர்ந்த பெரியவர் ஒருவர், ஓய்வூதியம் பற்றிய பேச்சில் "ஐ டிமாண்டட் தி மேனேஜர்" என்றார். பக்கத்தில் இருந்த மகன் பதறிப்போனார். "அப்பா, ஆஸ்க்னு சொல்லுங்க. டிமாண்ட்னா மிரட்டின மாதிரி." பெரியவருக்கு அது விளங்கவே இல்லை. "நான் என்ன சண்டையா போட்டேன்? கேட்டேன்ப்பா" என்றார்.

அவர் பக்கம் நியாயம் இருந்தது. பிரெஞ்சில் டெமாந்தே என்றால் கேட்பது, அவ்வளவுதான். வழி கேட்பதும் மணி கேட்பதும் அதே சொல்லில்தான். ஆங்கிலக் கால்வாயைத் தாண்டியதும் அந்தச் சொல் ஏன் இப்படி முறுக்கிக்கொண்டது என்று பார்க்கத் தொடங்கினேன். ஒரு சொல்லில் தொடங்கிய தேடல் ஆங்கிலத்தில் கேட்பதற்கு உள்ள மற்ற சொற்களுக்கும் இழுத்துக்கொண்டு போனது.

டிமாண்டின் லத்தீன் மூலத்துக்கு 'ஒப்படைத்தல்' என்று பொருள். அதில் அதட்டல் எதுவும் இல்லை. அதட்டல் ஏறிய இடம் இங்கிலாந்தின் நீதிமன்றம். 1066இல் நார்மானியர்கள் நாட்டைப் பிடித்த பிறகு வழக்காடும் மொழியாகப் பிரெஞ்சு வந்து உட்கார்ந்தது. நிலம் தன்னுடையது என்று வழக்குப் போட்டவருக்கு டிமாண்டன்ட் என்று பெயர். உரிமை உள்ளவன் கேட்கிற கேள்வி அது. அங்கே தயவுக்கு வேலை இல்லை. 1362இல் வாதங்கள் ஆங்கிலத்தில் நடக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். அந்தச் சட்டத்தையே பிரெஞ்சில்தான் எழுதினார்கள்! மொழி மாறிய பிறகும் அந்தச் சொல்லின் விறைப்பு மாறவில்லை. நம் வீட்டுக்கு டிமாண்ட் நோட்டீஸ் வந்தால் வயிறு கலங்குவதற்கு அந்தப் பழைய வழக்குமன்றமும் ஒரு காரணம்.

மற்ற சொற்களையும் இப்படி அவை பிறந்த இடத்தில் வைத்துப் பார்த்தேன். வகுப்பில் பிள்ளை ஆசிரியரிடம் கேட்டால் ஆஸ்க். நிருபர் அமைச்சரைக் குடைந்தால் கொஸ்டின். காவல் நிலையத்தில் விளக்கைப் போட்டு உட்காரவைத்தால் இன்டராகேட். முதலாவது, வீட்டிலும் வயலிலும் பேசிய பழைய ஆங்கிலம். அடுத்தது, அரண்மனையின் பிரெஞ்சு. மூன்றாவது, மடத்திலும் பல்கலைக்கழகத்திலும் எழுதிய லத்தீன். பொருள் ஒன்று என்று அகராதி பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிவைக்கிற சொற்கள், உண்மையில் யார் யாருக்கு முன்னால் நிற்கிறார்கள் என்பதைச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. தமிழில் 'விசாரி' ஒன்றே அன்பாகக் கேட்பது, குடைந்து கேட்பது என்ற இரு கரைகளையும் தொடுகிறது. ஊருக்குப் போகிறவரிடம் அம்மாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள் என்கிறோம். ஸ்டேஷனில் வைத்து விடிய விடிய விசாரித்தார்கள் என்றும் சொல்கிறோம். தொனிதான் பிரித்துக் காட்டுகிறது.

ஆஸ்க் எங்கிருந்து வந்தது என்பதற்கு வால்டர் ஸ்கீட்டின் சொற்பிறப்பு அகராதியை எடுத்தேன். கேம்பிரிட்ஜில் ஆங்கிலோ-சாக்ஸன் மொழிப் பேராசிரியராக இருந்தவர். 1879 தொடங்கி 1882 வரை பகுதி பகுதியாக அதை வெளியிட்டார். பழைய ஆங்கிலத்தில் ஆஸ்கியன். டச்சு, ஜெர்மன் மொழிகளில் அதன் உறவுச் சொற்கள் வலியுறுத்திக் கேட்பதைக் குறிக்கின்றன. ரஷ்ய மொழியின் உறவுச் சொல்லுக்குத் 'தேடு' என்று பொருள். சமஸ்கிருத உறவு 'இச்சா'. நாம் நாள்தோறும் சொல்கிற இச்சை! ஆஸ்க்கும் இச்சையும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்று படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து நடந்தேன். கொஸ்டின், ரிக்வெஸ்ட், என்கொயர் மூன்றுக்கும் அடியில் இருக்கும் லத்தீன் வினைச்சொல்லுக்கும் 'தேடு' என்றுதான் பொருள். கெஞ்சிக் கேட்பதைச் சொல்லும் பிசீச், 'சீக்' என்ற தேடலிலிருந்து வந்தது. வேறு வேறு வாசல் வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்த சொற்கள் இவை. எல்லாமே வேண்டுவதிலும் தேடுவதிலும் வேர்விட்டிருக்கின்றன.

இதற்கு நடுவில் காக்ஸ்டனின் முட்டைக் கதை. இங்கிலாந்தில் முதன்முதலில் அச்சகம் வைத்த வில்லியம் காக்ஸ்டன், 1490இல் அச்சிட்ட ஒரு நூலின் முன்னுரையில் இதைச் சொல்கிறார். தேம்ஸ் ஆற்றில் கிளம்பி ஸீலந்துக்குப் போக வேண்டிய வணிகர்கள் காற்று இல்லாமல் கரையில் தங்குகிறார்கள். அவர்களில் ஒரு துணி வியாபாரி ஒரு வீட்டில் முட்டை கேட்கிறார். வீட்டுக்காரம்மா தனக்குப் பிரெஞ்சு தெரியாது என்கிறார். வியாபாரிக்குக் கோபம், அவருக்கும்தான் பிரெஞ்சு தெரியாது! அவர் சொன்னது எக்ஸ், அந்த அம்மாவுக்குத் தெரிந்தது ஐரன். இன்னொருவர் ஐரன் என்று சொன்ன பிறகுதான் விஷயம் புரிகிறது. ஆங்கிலம் எவ்வளவு சிதறிக் கிடந்தது என்று காட்ட எல்லோரும் இந்தக் கதையைச் சொல்வார்கள். என் கண் போன இடம் முட்டையின் பக்கத்தில் இருந்த வினைச்சொல். வியாபாரி கேட்டார் என்பதற்குக் காக்ஸ்டன் அச்சுக் கோத்தது 'ஆஸ்க்ட்' இல்லை, 'ஆக்ஸ்ட்'.

பழைய ஆங்கிலத்திலேயே ஆஸ்கியன், ஆக்ஸியன் இரண்டும் இருந்தன. கவிஞர் சாஸர் 'ஆக்ஸ்' எழுதினார். 1535இல் கவர்டேல் வெளியிட்ட பைபிளில், மலைப்பிரசங்கத்தில் கேட்கச் சொல்லும் இடத்தில் இருப்பதும் அதே சொல்தான். 1611இன் கிங் ஜேம்ஸ் பைபிளில் அது ஆஸ்க் ஆகிவிட்டது. பிறகு பள்ளிக்கூடமும் அச்சும் ஒரு பக்கம் சாய்ந்தன. இன்று அமெரிக்கக் கறுப்பின மக்களோ கரீபியர்களோ ஆக்ஸ் என்று சொன்னால், படிக்காதவர் பேச்சு என்று முகம் சுளிக்கிறார்கள். எனக்கு இது பொறுக்கவில்லை. எழுத்து இடம் மாறுவது எந்த மொழியிலும் நடப்பது. தசை சதை ஆனது. சிவிறி விசிறி ஆனது. சங்க நூல்களில் ஞிமிறும் உண்டு, மிஞிறும் உண்டு. இதற்காக யாரும் யாரையும் மட்டமாக நினைப்பதில்லை. ஆங்கிலத்திலேயே பறவை ஒரு காலத்தில் 'பிரிட்', பிறகு 'பேர்ட்'. அந்த மாற்றத்தை இலக்கண ஆசிரியர்கள் வாய்திறக்காமல் ஏற்றுக்கொண்டார்கள். ஆக்ஸுக்கு மட்டும் ஏன் தண்டனை? அதைச் சொல்பவர்கள் யார் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

பழைய ஆங்கிலத்தில் கேட்பதற்கு இன்னொரு சொல்லும் இருந்தது: ஃபிரிக்னன். ஜெர்மன் மொழியில் அதன் உறவு ஃப்ராகென் இன்றும் அன்றாடச் சொல். ஆங்கிலத்தில் ஃபிரிக்னன் வடபுலத்துப் பேச்சில் ஒட்டிக்கொண்டிருந்துவிட்டு மறைந்தது. ஆனால் அதன் வேர் லத்தீனுக்குப் போய், பிரெஞ்சு வழியாக 'ப்ரே' ஆகித் திரும்பிவந்தது. கடவுளிடம் கேட்பதற்கு ஆங்கிலேயர் சொல்வது அதைத்தான். அதே வேர் சமஸ்கிருதத்தில் பிரஷ்னம், அதாவது கேள்வி. தமிழுக்கு வந்து அது பிரச்சினை ஆயிற்று. சோழி உருட்டிப் பிரசன்னம் பார்க்கிறார்களே, அந்தப் பிரசன்னமும் பிரஷ்னம்தான். தெய்வத்திடம் கேள்வி போடுவது. ஒரே வேர் ஓரிடத்தில் பிரார்த்தனையாகவும் இன்னோரிடத்தில் தலைவலியாகவும் நிற்கிறது.

நம்முடைய கேள், காதிலிருந்து புறப்பட்டது. திருக்குறளில் கேள்வி என்ற அதிகாரம் முழுக்கச் செவியால் கற்பதைப் பற்றியது. கன்னடத்துக் கேளுவும் தமிழைப் போல இரண்டு வேலையும் செய்கிறது. தெலுங்கில் காதால் கேட்பது வினு, வாயால் கேட்பது அடுகு. கேட்பவரின் தகுதியை ஆங்கிலம் படையெடுப்பின் வழியாக வினைச்சொற்களில் பிரித்துவைத்தது என்றால், தொல்காப்பியர் காட்டும் தமிழில் அது தரச்சொல்லிக் கேட்கும் சொல்லில் இருந்தது. தாழ்ந்தவர் இரக்கும்போது ஈ, ஒத்தவர் கேட்கும்போது தா, உயர்ந்தவர் கேட்கும்போது கொடு. சொல்லதிகாரத்தில் இதை விதியாகவே வகுத்திருக்கிறார். கேட்பவர் வாய் திறந்ததும் அவர் நிற்கும் படி தெரிந்துவிடும். இன்று ஈ பேச்சிலிருந்து போய்விட்டது. ஈகை என்று எழுத்தில் மட்டும் பார்க்கிறோம். கொடு உயரத்திலிருந்து இறங்கி எல்லோர் வாய்க்கும் வந்துவிட்டது. மரியாதையை இப்போது சுமப்பது வினையின் வால்தான்: மதுரைக் கடையில் "குடுங்க", யாழ்ப்பாணத்துக் கடையில் "தாங்கோ".