பெயர் வைக்கும் முன்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். பெயரால் பிள்ளையின் குணம் மாறுமா என்று போனில் கேட்டாய். அப்போது சொல்ல விட்டுப்போனதை இதில் எழுதுகிறேன்.

கானா நாட்டு அசாந்தி மக்கள் பிறந்த கிழமையையே பிள்ளைக்குப் பெயராக வைப்பார்கள். அந்நாட்டின் முதல் அதிபர் குவாமே நிக்ருமா சனிக்கிழமைப் பெயர்க்காரர், ஐ.நா.வின் கோஃபி அன்னான் வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை பிறந்த குவாட்வோ சாது, புதன்கிழமை பிறந்த குவாக்கு முரடன் என்பது அங்கே பழைய நம்பிக்கை. குஸ்தாவ் யஹோடா என்ற உளவியலாளர் அங்குள்ள சிறார் நீதிமன்றப் பதிவுகளைப் புரட்டிப் பார்த்து 1954-இல் ஒரு கட்டுரை எழுதினார். வழக்குகளில் திங்கட்கிழமைப் பையன்கள் குறைவாகவும், அடிதடியில் புதன்கிழமைப் பையன்கள் அதிகமாகவும் இருந்தார்கள். ஊரார் எதிர்பார்ப்பே அவர்களை அப்படி ஆக்கியிருக்கலாம் என்றார். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. தொட்டிலில் கிடக்கும்போதே முரடன் என்று முடிவுகட்டி வளர்த்தால் பிள்ளை வேறு எப்படி வளரும்?

நம் பக்கத்தையும் பார். பிள்ளைகள் தங்காத வீட்டில், அடுத்துப் பிறந்ததற்குக் குப்பம்மாள், பிச்சை என்று பெயர் வைத்தார்கள். எமன் கண்ணில் படாமல் இது ஒன்றாவது பிழைக்கட்டும் என்ற தாயின் தவிப்பு அது. அந்தப் பிள்ளைகள் செல்லமாகவே வளர்ந்தார்கள். ஆனால் வரிசையாகப் பெண் பிறந்த வீட்டில் வைத்த 'போதும்பொண்ணு', 'வேண்டாம்' என்ற பெயர்களை என்னால் மன்னிக்கவே முடியவில்லை. தினமும் காலையில் ஆசிரியர் 'வேண்டாம்' என்று கூப்பிட, அந்தக் குழந்தை எழுந்து 'உள்ளேன் ஐயா' என்று சொல்ல வேண்டுமே! மகாராஷ்டிரத்தில் இதே பொருளில் 'நகுஷா' என்று வைப்பார்கள். 2011-இல் சத்தாரா மாவட்டத்தில் அப்படிப்பட்ட 285 பெண்பிள்ளைகளுக்கு விழா எடுத்துப் புதுப்பெயர் சூட்டினார்கள். பலர் தங்கள் பெயரைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள்.

உன் பெயருக்குப் பின்னால் சாதிப்பெயர் இல்லையே, அதற்கும் வரலாறு உண்டு. 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, சாதிப் பட்டங்களை விட்டுவிடச் சொல்லித் தீர்மானம் போட்டது. பெயரைக் கேட்டதும் எதிரில் இருப்பவர் நம்மை எடைபோடுவதை நிறுத்தத்தான் அது.

அதனால் எண்கணிதக்காரரிடம் காசு கொடுத்து எழுத்தைக் கூட்டாதே, குறைக்காதே. எழுத்துக்கு அந்தச் சக்தி கிடையாது. பிள்ளையை வளர்ப்பது கூப்பிடுகிறவர்களின் மனசு. நீ இருக்கும் ஊர் டீச்சருக்கும் இங்குள்ள பாட்டிக்கும் வாயில் நுழைகிற பெயராகப் பார்த்து வை. வைத்த பிறகு, 'அடங்காப்பிடாரி', 'மந்தம்' என்று வீட்டில் யாரும் பட்டப்பெயர் சூட்ட மட்டும் விடாதே.

அன்புடன்,
பெரியம்மா