சத்துக் குறைவுதான், பயப்படாதீங்க

போன வாரம் இன்பாக்ஸில் ஒரு நண்பர் கேட்டிருந்தார்.

"சார், வீட்ல நாலு நாட்டுக்கோழி வளர்க்குறோம். நேத்து வரைக்கும் நல்லா மேஞ்சுக்கிட்டிருந்த கோழி இன்னிக்குக் காலைல எந்திரிக்க முடியாம உக்காந்திருக்கு. காலு வரல. மெடிக்கல்ல பி காம்ப்ளக்ஸ் சிரப் வாங்கிக் கொடுக்கலாமா? நீங்க டாக்டர்தானே, டோஸ் மட்டும் சொல்லுங்க."

டோஸ் சொல்லவில்லை. உடனே போன் போட்டு, முதலில் அந்தக் கோழியை மற்றதிலிருந்து பிரித்து வைங்க, அப்புறம் கால்நடை மருந்தகத்துக்குப் போங்க என்றேன். "ஒரு கோழிக்குப் போயி இவ்ளோ பதட்டமா சார்" என்று சிரித்தார்.

அந்தப் பதட்டத்துக்குப் பின்னால் ஒரு கதை இருக்கு மக்களே. எனக்குப் பெருமை தருகிற கதை இல்லை. பதிவு நீளம், பொறுமையாகப் படிங்க.

சில வருஷம் முன்னால் சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமத்தில் குடியிருந்தோம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை. வீட்டுக்குப் பின்னால் இடம் இருந்ததால் அஞ்சு நாட்டுக்கோழி வளர்த்தோம். பக்கத்து வீட்டில் ஒரு அப்பத்தா. சொந்தம் இல்லை, ஊரே அப்படித்தான் கூப்பிடும். அவரிடம் சின்னதும் பெரிசுமாக 14 கோழிகள். முட்டை வித்த காசில்தான் சீட்டு கட்டுவார், பேரப்பிள்ளைகளுக்குப் பண்டம் வாங்குவார். ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ் காசும் அதில்தான்.

சித்திரை மாசம். சந்தையில் ரெண்டு விடைக்கோழி அழகாக இருந்தது என்று வாங்கி வந்து, அன்னிக்குச் சாயங்காலமே மற்ற கோழிகளோடு சேர்த்து அடைத்தேன். ஒரு வாரம் கழிச்சு, எங்கள் பழைய கோழிகளில் பொட்டுக்கோழி ஒன்று கால் விளங்காமல் உட்கார்ந்துவிட்டது. கண் தெளிவாகத்தான் இருந்தது. கையில் தூக்கினால் கால் ரெண்டும் தொங்கியது.

எனக்கோ உள்ளுக்குள் ஒரு உற்சாகம். ஏன் என்று சொன்னால்தான் நான் செய்த தப்பு புரியும்.

எம்.பி.பி.எஸ். முதல் வருஷம் பயோகெமிஸ்ட்ரியில் வைட்டமின் பி1, அதாவது தயமின் பாடத்தை ஒரு கோழிக்கதையோடுதான் தொடங்குவார்கள். 1880களில் டச்சுக்காரர்கள் ஆண்ட ஜாவா தீவில் பெரிபெரி நோய் ராணுவத்தையும் சிறைகளையும் ஆட்டிப்படைத்தது. கால் மரத்துப் போகும், நடை போகும், கடைசியில் இதயம் நிற்கும். கிருமிதான் காரணம் என்ற நம்பிக்கையோடு கிறிஸ்டியான் ஐக்மேன் என்கிற டாக்டர் அங்கே போனார். பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், அவருடைய ஆய்வுக்கூடக் கோழிகளுக்குத் திடீரென்று கால் விழுந்தது. கிருமி சிக்கியது என்று நினைத்தார். ஆனால் கிருமி ஏற்றாத கோழிக்கும் கால் விழுந்தது! கொஞ்ச நாளில் எல்லாம் தானாகத் தேறியும் விட்டன.

விசாரித்தால், இடையில் கொஞ்ச காலம் அந்தக் கோழிகளுக்கு ராணுவ ஆஸ்பத்திரியில் மிஞ்சிய சோறு போட்டிருக்கிறார்கள். நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசிச் சோறு. அப்புறம் வந்த புது சமையல்காரர், ராணுவத்து அரிசியை சிவிலியன் கோழிக்குத் தர மாட்டேன் என்று மறுத்துவிட்டார். பழையபடி தீட்டாத மலிவு அரிசி போட்டதும் கோழிகள் எழுந்து நடந்தன. தவிட்டில் ஏதோ இருக்கிறது என்பது அங்கிருந்துதான் கிளம்பியது. 1929இல் ஐக்மேனுக்கு நோபல் பரிசு. அந்தச் சமையல்காரருக்கு யாராவது ஒரு டீயாவது வாங்கிக் கொடுத்தார்களா தெரியாது.

இந்தக் கதை தலைக்குள் இருக்கிற ஆள் முன்னால், ரேஷன் அரிசிச் சோறு தின்கிற ஒரு கோழி கால் விளங்காமல் உட்கார்ந்தால் என்ன நினைப்பான்? பி1 குறைவு! கேஸ் முடிஞ்சது. சிரப்பைத் தண்ணீரில் கலந்து சொட்டுச் சொட்டாகக் கொடுத்தேன். மூணாம் நாள் கோழியின் கழுத்து பின்னால் வளைந்து, தலை வானத்தைப் பார்த்தது. தயமின் குறைந்த கோழிக்குப் புத்தகத்தில் போட்டிருக்கும் படமும் அதேதான். பயப்பட வேண்டிய இடத்தில், பார்த்தியா நான் சொன்னது சரி என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அப்பத்தாவும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தார்.

"தம்பி, இது கொள்ள மாதிரில்ல இருக்கு. நான் எங்கோழிய எல்லாம் ரெண்டு வாரத்துக்கு அடச்சுப் போடுறேன்."

"கொள்ளையும் இல்ல ஒண்ணும் இல்ல அப்பத்தா. சத்துக் குறைவுதான், பயப்படாதீங்க. இது தொத்தாது. அடைச்சுப் போட்டா மேய்ச்சல் இல்லாம உங்க கோழிக்கும் சத்து குறைஞ்சிரும்."

டாக்டர் சொன்னால் சரியாத்தான் இருக்கும் என்று அவர் வழக்கம்போல் கோழிகளைத் திறந்துவிட்டார்.

அஞ்சாம் நாள் பொட்டுக்கோழி செத்தது. அதே நாளில் சந்தையில் வாங்கிய ஒன்றும் செத்தது. மறுநாள் அப்பத்தா வீட்டில் மூணு கோழி இறக்கையைத் தொங்கவிட்டுத் தூங்கி விழுந்தன. ஒன்று வாயைத் திறந்து மூச்சுக்குத் தவித்தது. அப்போதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

செத்த கோழியைப் பையில் கட்டி எடுத்துக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்கு ஓடினேன். அங்கிருந்த பெண் டாக்டர் மூன்று கேள்விதான் கேட்டார். புதுசா கோழி வாங்கினீங்களா? கடைசியா எப்போ தடுப்பூசி போட்டீங்க? எச்சம் என்ன நிறத்துல இருந்துச்சு?

மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லை. நான் பார்க்கவே இல்லை. வயிற்றுப்போக்கு என்று வருகிற ஒவ்வொரு குழந்தையின் அம்மாவிடமும் "என்ன கலர்ல போகுது" என்று கேட்கிற நான், என் கோழியின் எச்சத்தைக் குனிந்து பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் கூண்டுக்குள் பச்சையும் வெள்ளையுமாகத் தண்ணீர்க் கழிச்சல்.

இரண்டாவது கேள்விக்குப் பதில் இன்னும் அசிங்கம். போடவே இல்லை. தடுப்பூசி வேண்டாம் என்பவர்களோடு இதே பக்கத்தில் நான் எத்தனை நாள் மல்லுக்கட்டியிருக்கிறேன் என்பது பழைய நண்பர்களுக்குத் தெரியும்.

அவர் கோழியை அறுத்துக் காட்டினார். இரைப்பையின் உள்பக்கம் ஊசியால் குத்தின மாதிரி ரத்தப்புள்ளிகள். ராணிகேத். நம்ம ஊர்ப் பேர் வெள்ளைக்கழிச்சல், கோழிக்கழிச்சல். மனிதர்களின் தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி வைரஸ்கள் இருக்கிற அதே குடும்பத்து வைரஸ். குடலைத் தாக்கும், நுரையீரலைத் தாக்கும், நரம்பைத் தாக்கும். நரம்பைத் தாக்கும்போதுதான் கால் விழுவதும் இறக்கை தொங்குவதும் கழுத்து முறுக்குவதும். வந்துவிட்டால் மருந்து கிடையாது.

ஒரு வயிற்றெரிச்சல் என்னவென்றால், இந்த நோயை ஜாவாவில் முதலில் பதிவு செய்தது 1926இல். தவிட்டிலிருந்து தயமினைப் படிகமாகப் பிரித்தெடுத்ததும் அதே ஜாவாவில், அதே 1926இல். ஐக்மேன் கிருமியைத் தேடிப் போய் சாப்பாட்டைக் கண்டுபிடித்தார். நான் சாப்பாட்டைப் பிடித்துத் தொங்கி, கண் முன்னால் இருந்த கிருமியைக் கோட்டை விட்டேன்.

அந்தப் பாடத்தையாவது ஒழுங்காகப் படித்தேனா? வெளியில் மேய்கிற கோழி பூச்சி, புழு, கீரை எல்லாம் கொத்தித் தின்னும். அதற்கு பி1 அவ்வளவு சுலபத்தில் குறையாது. போதாக்குறைக்கு நாங்கள் போட்டது புழுங்கல் அரிசிச் சோறு. நெல்லை அவிக்கும்போதே தவிட்டில் உள்ள தயமின் அரிசிக்குள் இறங்கிவிடும். பரீட்சையில் நானே எழுதிய பதில் அது.

இதைவிட உறுத்துவது வேறு. 15 வயசுக்குள் இருக்கும் ஒரு பிள்ளைக்குத் திடீரென்று கையோ காலோ தளர்ந்தால், காரணம் எதுவாகத் தோன்றினாலும் உடனே தகவல் சொல்லணும், 14 நாளுக்குள் ரெண்டு மல மாதிரி அனுப்பணும். போலியோ கண்காணிப்பு விதி இது. இந்தியாவில் இயற்கை வைரஸால் வந்த கடைசி போலியோ 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில். அதற்குப் பிறகும் இந்த விதி அப்படியே இருக்கு. கால் தளர்ந்த ஒரு பிள்ளை அந்த ஒரு வீட்டு விஷயம் இல்லை, ஊர் விஷயம். கிராம செவிலியர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். கோழி விஷயத்தில் மட்டும், கால் விழுந்த ஒன்றை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். கூண்டைப் பார்க்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

அப்பத்தாவின் 14 கோழிகளில் 11 போச்சு. எங்கள் வீட்டில் எதுவும் மிஞ்சவில்லை.

அப்பத்தாவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். நான் சொன்னது தப்பு, நீங்க சொன்னதுதான் சரி என்றேன். பணம் கொடுத்தேன். மறுக்கவில்லை, எண்ணி முந்தியில் முடிந்துகொண்டார். அப்புறம் சொன்னார்:

"காசு கெடக்கட்டும் தம்பி. அந்தக் கறுப்பி எங்க ஆத்தா வீட்டுல இருந்து வந்த வித்து. இனி எங்க போய்த் தேட?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை.

சரி, உங்கள் வீட்டுக் கோழிக்குக் காலையில் கால் வரவில்லை என்றால் என்ன செய்வது? நான் கால்நடை மருத்துவர் இல்லை. அவர்களிடம் கேட்டுக் கற்றதைச் சொல்கிறேன்.

என்ன காரணம் என்று யோசிப்பதற்கு முன்னால் அதைத் தனியாகப் பிரிச்சிடுங்க. வேறு பஞ்சாரம், வேறு தண்ணிக் கிண்ணம். மற்ற கோழிகளுக்கு இரை வைத்த பிறகு கடைசியாக இதைக் கவனிங்க, கையையும் காலையும் சோப்பு போட்டுக் கழுவுங்க. உங்க செருப்பிலேயே வைரஸ் பக்கத்து வீட்டுக்குப் போகும்.

அடுத்தது எச்சம். பச்சையாகவோ வெள்ளையாகவோ கழிச்சல், கூடவே மூச்சுத் தவிப்பு, கழுத்து முறுக்கல், இன்னொரு கோழியும் சோர்ந்து நிற்பது, இதில் எது இருந்தாலும் தொற்று என்றே நினைச்சுக்கங்க.

கால் விழுகிற எல்லாமே ராணிகேத் இல்லை. வளர்கிற கோழியில் ஒரு கால் முன்னாலும் ஒரு கால் பின்னாலும் நீட்டிக் கிடந்தால் மேரெக்ஸ் நோயாக இருக்கலாம். அதுவும் வைரஸ்தான், குஞ்சு பொரித்த முதல் நாளே போடுகிற தடுப்பூசிதான் அதற்கு வழி. சின்னக் குஞ்சுகளுக்கு விரல் உள்பக்கமாகச் சுருண்டு நடக்க முடியாமல் போனால், அங்கே நிஜமாகவே வைட்டமின் பி2 குறைவு இருக்கலாம், சீக்கிரம் கொடுத்தால் தேறவும் செய்யும். முட்டையிடுகிற கோழி வாலை இறக்கி முக்கிக்கொண்டே நின்றால் முட்டை உள்ளே சிக்கியிருக்கும். செத்த எலி, அழுகியது, அதில் நெளிகிற புழுவைத் தின்ற கோழிக்குக் கால், இறக்கை, கழுத்து என்று வரிசையாகத் துவளும். அது பாட்டுலிசம், நச்சு. பாதத்துக்கு அடியில் முள் குத்திச் சீழ் வைத்திருக்கலாம், திருப்பிப் பாருங்க. இதையெல்லாம் பிரித்துச் சொல்ல ஒரு கால்நடை மருத்துவர் வேணும். என்னைப் போன்ற மனுஷ டாக்டர் வேண்டாம், மெடிக்கல் கடையும் வேண்டாம். நமக்கு வாங்கின ஆன்டிபயாடிக்கை உடைத்துக் கோழிக்குக் கொடுப்பதை இன்றோடு நிறுத்துங்க. வைரஸை அது ஒன்றும் செய்யாது.

சீக்கு வந்த கோழியை "சாகுறதுக்குள்ள குழம்பு வச்சிருவோம்" என்று அறுக்காதீங்க. சந்தைக்குக் கொண்டு போகாதீங்க. நான் வாங்கிய விடைக்கோழி ரெண்டும் அப்படி யாரோ கைகழுவியதாகக்கூட இருக்கலாம். ராணிகேத் மனுஷங்களுக்குப் பெரும்பாலும் கண் சிவப்போடு போய்விடும். ஆனால் கொத்தாகக் கோழிகள் சாகும்போது அது பறவைக் காய்ச்சலா இல்லையா என்று பார்வையில் சொல்ல முடியாது. செத்ததை வெறும் கையால் தொடாமல், சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைங்க. நாய் தோண்டக் கூடாது. மருந்தகத்துக்குத் தகவல் சொல்லுங்க, தமிழ்நாட்டில் 1962க்கும் கூப்பிடலாம்.

புதுக்கோழி வாங்கினால் ரெண்டு வாரம், முடிந்தால் அதற்கு மேலும் தனியாக வைங்க. ராணிகேத் உடம்புக்குள் போய் நோயாக வெளியே தெரிய ரெண்டு நாளிலிருந்து பதினைந்து நாள் வரை ஆகும்.

தடுப்பூசி, குஞ்சுக்கு ஒரு வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு. எட்டு வாரத்தில் இறக்கைக்கு அடியில் ஊசி. ஆண்டுதோறும் பிப்ரவரியில் கால்நடைத் துறை ரெண்டு வார முகாம் நடத்தி இலவசமாகப் போடும், கோடைக்கு முன்னாடியே. ஆரோக்கியமான கோழிக்குத்தான் போடணும். சீக்கு வந்த பிறகு ஓடினால் பிரயோஜனம் இல்லை.

அடுத்த பிப்ரவரியில் ஊருக்குள் முகாம் வந்தது. அப்பத்தாவிடம் மிஞ்சிய மூணில் ஒன்று அடை வைத்துப் பொரித்து, கோழி மறுபடி ஒன்பது ஆகியிருந்தது. ஒன்றுகூடக் கறுப்பு இல்லை. பஞ்சாரத்தோடு வரிசையில் நின்றார். எங்கள் வீட்டுப் புதுக்கோழிகளோடு நான் பின்னால் நின்றேன். ஒரு கோழி கொஞ்சம் நொண்டியது, காலில் நூல் சுற்றியிருந்தது. அப்பத்தா திரும்பிப் பார்த்தார்.

"ஏந்தம்பி, இது சத்துக் குறவா இருக்குமோ?"

ஊசி போட்டுக்கொண்டிருந்த கால்நடை டாக்டரம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.